வாசலில் தடுப்புப் பலகை போட்டால் போதுமா?

கீழ்வீடு
தரைத்தளமும் மாடியும் உள்ள தனி வீடு. 9 அங்குலச் செங்கல் சுவர். தெருச் சாக்கடை இணைப்பு உண்டு, செப்டிக் டேங்க் கிடையாது. வாசல் பக்கம் 10,000 லிட்டர் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி). கனமழையில் தெருவில் நிற்கும் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வருகிறது. முன்வாசல், பின்வாசல் இரண்டுக்கும் அலுமினியச் சட்டத்தில் செருகுகிற தடுப்புப் பலகை போடலாம் என்று யோசனை. இரண்டடி போதுமா, மூன்றடி வேண்டுமா? மணல் மூட்டையே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசமட்டம்
பலகைக்கு அளவு கொடுக்கும் முன் வீட்டைச் சுற்றி டியூப் லெவல் பிடியுங்கள். 8 அல்லது 10 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், 15 மீட்டர் போதும். தண்ணீர் நிரப்பும்போது நடுவில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட நிற்கக் கூடாது. குமிழ் இருந்தால் அளவு அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று பொய் சொல்லும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே மட்டத்தில் நின்றால் டியூப் சரி.

தெருவில் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் சாக்கடை மேன்ஹோல் மூடியைப் பூஜ்யமாக வையுங்கள். அதிலிருந்து வாசல் நிலையின் அடிக்கட்டை, பின்வாசல், குளியலறை ட்ராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) ஜாலி, இந்தியக் கழிப்பறைக் கோப்பையின் விளிம்பு, சம்ப் மூடி, ஏசி குழாய் போகும் துளை, வீட்டுக்குள் ஆகக் கீழே உள்ள பிளக் பாயின்ட், மீட்டர் பெட்டி எல்லாவற்றுக்கும் உயரம் எடுங்கள். போன வெள்ளத்தின் கறை காம்பவுண்டுச் சுவரில் இருந்தால் அதையும் எடுங்கள். இந்த ஒன்பது எண்களும் கையில் வந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கும்.

மூன்றடி பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். தண்ணீர் உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தும் பாரம் நான்கு மடங்காகும். 3 அடி அகலக் கதவில் 1 அடி தண்ணீர் நின்றால் பாரம் சுமார் 40 கிலோ. 2 அடியில் 160 கிலோ. 3 அடியில் 360 கிலோவுக்கு மேல். பலகை தாங்கலாம். பக்கத்துச் சுவர்? 12 அடி நீளச் சுவரில் 3 அடி தண்ணீர் வெளியே நின்று உள்ளே காய்ந்து கிடந்தால் அந்தச் சுவர் ஏறக்குறைய ஒன்றரை டன்னைப் பக்கவாட்டில் தாங்க வேண்டும். செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்துக்குக் கட்டியது, பக்கவாட்டுத் தள்ளலுக்கு அல்ல. வெளியே 2 அடியைத் தாண்டி ஏறும் என்று தெரிந்தால் தடுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவதுதான் வீட்டைக் காக்கும் வழி. உள்ளும் வெளியும் ஒரே மட்டமானால் சுவரில் தள்ளல் இல்லை. நனைந்த சுவரைக் காயவைக்கலாம், சாய்ந்த சுவரை ஒன்றும் செய்ய முடியாது.

குழாய்ப்பணி
ரசமட்டம் சார் கேட்ட பட்டியலில் ட்ராப்பின் ஜாலி மட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தெருச் சாக்கடை நிரம்பிவிட்டால் உங்கள் வீட்டுக் குழாய்க்குள் தண்ணீர் தெருவில் நிற்கும் அதே மட்டத்துக்கு ஏறும். வாசல் பூட்டியிருக்கிறதா என்று அது பார்க்காது. குளியலறைத் தளம் எப்போதும் ஹாலைவிடத் தாழ்வு. அதனால் வாசல்படியைத் தொடுவதற்கு முன்பே ட்ராப் வழியாக உள்ளே வந்திருக்கும். அதுவும் மழைத்தண்ணீர் அல்ல, மலம் கலந்த சாக்கடை.

கீழ்வீடு
அளந்துவிட்டேன். மேன்ஹோல் மூடி பூஜ்யம் என்றால்: முன்வாசல் அடிக்கட்டை 10 அங்குலம் மேலே, பின்வாசலும் அதே. குளியலறை ட்ராப் ஜாலி 3 அங்குலம். இந்தியக் கோப்பை கிடையாது, வெஸ்டர்ன் மட்டும். சம்ப் மூடி 2 அங்குலம். ஆகக் கீழே உள்ள பிளக் 20 அங்குலம். ஏசி துளை 80. மீட்டர் பெட்டி 50. சுவரில் பழைய கறை 16 அங்குலத்தில்.

ரசமட்டம்
நல்ல அளவு. இதை அப்படியே படித்துப் பாருங்கள். தெருவில் 4 அங்குலம் நின்றாலே குளியலறை நிரம்பும். வாசலுக்கு 10 வேண்டும். நடுவில் 6 அங்குல இடைவெளி. அவ்வளவு நேரமும் வாசலில் பலகை காய்ந்து நிற்க, வீடு பின்னாலிருந்து நனையும்.

பலகை உயரம்: கறை 16. பேருந்தோ லாரியோ போனால் எழும் அலைக்கு 6 அங்குலம் சேர்த்தால் 22. அடிக்கட்டை 10. மிச்சம் 12 அங்குலம். ஒன்றரை அடிப் பலகை தாராளம். மூன்றடிக்குச் செலவழிப்பதை, சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்குப் போடுங்கள்.

குழாய்ப்பணி
வால்வு விஷயத்தில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு, அதை விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் (non-return) வால்வை வீட்டின் கடைசி சேம்பரில் (கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி), தெருவுக்குப் போகும் குழாயில் போட்டுவிடுவார்கள். பார்க்கச் சரியாகத் தெரியும். தெருவிலிருந்து தண்ணீர் தள்ளும்போது வால்வின் நாக்கு மூடிக்கொள்ளும். ஆனால் மாடியில் ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வால்வு மூடியிருக்கிறது. மாடிக் குழாய் இறங்கி அதே சேம்பரில் சேர்கிறது. சேம்பர் நிரம்பி, கீழ்த்தளக் குளியலறை ட்ராப் வழியாக மாடித் தண்ணீரே ஹாலுக்கு வரும். வால்வு பழுது என்று நினைத்து அதை மாற்றுவார்கள், மறுபடியும் அதேதான் நடக்கும்.

இதைவிடக் கெட்டது மொட்டை மாடி மழைக்குழாய் அதே சேம்பரில் சேர்ந்திருப்பது. 100 சதுர மீட்டர் தளத்தில் மணிக்கு 50 மி.மீ. மழை என்றால் ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர். மூடிய வால்வுக்கு உள்பக்கம் அத்தனையும் இறங்கினால் உங்கள் வீட்டை உங்கள் கூரையே மூழ்கடிக்கும்.

ஆகவே வால்வு கீழ்த்தளக் கழிவுக் குழாயில் மட்டும் இருக்க வேண்டும். மாடியிலிருந்து வரும் குழாய் வால்வைத் தாண்டி, தெருப்பக்கத்தில் சேர வேண்டும். மழைக்குழாய் சாக்கடையில் சேரவே கூடாது. அதைத் தனியாக வெளியே எடுத்து, அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 5, 6 அடி தள்ளி விடுங்கள்.

வால்வு 110 மி.மீ. குழாய்க்குரியது, இரண்டு நாக்கு உள்ளதும் கையால் பூட்டும் பிடி உள்ளதுமாக வாங்குங்கள். ஒரு நாக்கில் குப்பை சிக்கினாலும் இன்னொன்று மூடும். மழை எச்சரிக்கை வந்ததும் பிடியைத் திருப்பிப் பூட்டிவிடலாம். வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறி தெருவைப் பார்க்க வேண்டும். இதைத் திருப்பி மாட்டியவர்களும் உண்டு, பிறகு வீட்டுத் தண்ணீரே வெளியேறாது. வால்வை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. சேம்பர் கட்டி, ஆள் குனிந்து மூடியைக் கழற்றிக் கையை விடும்படி வையுங்கள். குழாய் வாட்டம் (சரிவு) 60 அடிக்கு 1 அடி என்று பிடியுங்கள். வால்வுக்கு முன்னும் பின்னும் வாட்டம் உடையக் கூடாது. மட்டமாகப் போன இடத்தில் கழிவு தங்கி, நாக்கின் அடியில் படிந்து, நாக்கு முழுக்க மூடாமல் ஒரு நூலளவு திறந்தே நிற்கும். அந்த நூலளவு போதும், விடிவதற்குள் அறை நிரம்பிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து நாக்கை விரலால் தூக்கி விடுங்கள். தானாக விழுந்து படிய வேண்டும். முடி, துணி நூல், சோப்புக் கட்டி இவைதான் ஓரத்தில் ஒட்டும். ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். வண்டிக்குப் போடும் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, நாக்கு சிக்கிக்கொள்ளும்.

மேல்தளம்
வால்வு போடும் வரைக்கும் என்ன செய்வது? குளியலறை ட்ராப்பில் துணி அடைத்து மேலே கல் வைப்பது போதுமா?

குழாய்ப்பணி
துணி நிற்காது. திருகினால் ரப்பர் விரியும் பிளக் கிடைக்கிறது, 75 மி.மீ., 110 மி.மீ. அளவுகளில். ட்ராப்பின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். ஜாலியைக் கழற்றி, குழாயின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, பிசுபிசுப்பு போன பிறகு மாட்டித் திருகுங்கள். வழவழப்பான குழாயில் பிளக் வழுக்கி மேலே வந்துவிடும்.

பாரம் பயப்படும் அளவு இல்லை. 2 அடி தண்ணீர் தள்ளினாலும் 4 அங்குல வாயில் 6 கிலோவுக்குள்தான். கதவில் 160 கிலோ, இங்கே 6 கிலோ. அதனால்தான் குழாயை அடைப்பது மலிவான வேலை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இந்தியக் கோப்பை உள்ளவர்கள் கனமான பாலித்தீன் பையை இரட்டையாக எடுத்து மணல் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, கோப்பையின் தொண்டையில் அழுத்தி வைக்கலாம். 10 கிலோ போதாது. மணல் பை தண்ணீரில் மூழ்கினால் எடையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். 20 கிலோ வையுங்கள், மேலே ஒரு பலகையும் அதன்மேல் பாரமும். வெஸ்டர்ன் கோப்பையின் விளிம்பு தரையிலிருந்து 15, 16 அங்குலம் மேலே இருப்பதால் கேள்வி கேட்டவரின் மட்டத்தில் அது வழியாது.

ஒன்றை அடைத்தால் அடுத்த தாழ்ந்த வாயைத் தேடித் தண்ணீர் போகும். வாஷிங் மெஷின் வெளிக்குழாய் செருகிய வாய், பின்கட்டுப் பாத்திரம் கழுவும் இடத்து ட்ராப், படிக்கட்டடியில் யாரும் கவனிக்காத பழைய ட்ராப் எல்லாவற்றையும் எண்ணி அடையுங்கள். அடைத்த பிறகு கீழ்த்தளத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

கீழ்வீடு
மாடிக் குழாயும் மழைக்குழாயும் இங்கே ஒரே சேம்பரில்தான் சேர்கின்றன. இரண்டையும் பிரித்தாக வேண்டும் என்று புரிகிறது. மின்சாரம் பற்றியும் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் போதும்தானே?

மின்வழி
போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் லைன் உயிர்பெறும். மின்வெட்டு என்று நினைத்து அது தன் வேலையைச் செய்யும். விசிறியும் விளக்கும் ஓடும் அந்த லைனின் பிளக் பாயின்ட் தண்ணீருக்குள் போனால் தரையில் நிற்பவருக்கு ஷாக். முதலில் இன்வெர்ட்டரின் சொந்தச் சுவிட்சை அணையுங்கள், அதன் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அதன் பிறகு மெயின். கூரையில் சோலார் இருந்தால் பகல் வெளிச்சம் உள்ளவரை பேனலிலிருந்து இறங்கும் டிசி கம்பியில் மின்சாரம் நிற்காது. அதற்கான தனி ஐசொலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்) எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் தரை காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் வந்துவிட்டது, போர்டுக்குப் போகத் தண்ணீரில் நடந்தாக வேண்டும் என்றால் போகவே வேண்டாம். மின் அலுவலகத்தில் சொல்லிக் கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியது: கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி சர்க்யூட், தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்). கீழே அணைத்துவிட்டு மாடியில் விளக்கோடு இருக்கலாம். கீழ்த்தளப் பிளக்குகளை 4 அடிக்கு ஏற்றுங்கள். ஒயரைத் தரைக்கடியில் போகும் பைப்பில் கொண்டுபோகாமல் கூரையிலிருந்து கீழே இறக்குங்கள். தரைக்கடி பைப்பில் புகுந்த தண்ணீர் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், வெளியே வர வழி கிடையாது. பேட்டரியை ஸ்டூல் மேல் வைப்பதில் பயனில்லை, தண்ணீரில் ஸ்டூல் சாயலாம். சுவரில் அடித்த இரும்புத் தாங்கியில் வையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு: தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், எம்சிபி (அதிக மின்சாரம் பாய்ந்தால் விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி எதையும் காயவைத்து மீண்டும் போடாதீர்கள். வெளியே காய்ந்தாலும் உள்ளே சேறும் உப்பும் தங்கும். தேவைப்படும் நேரத்தில் விழாத எம்சிபி இல்லாததற்குச் சமம். ஒயரை 500 வோல்ட் மெகரில் (ஒயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, பல்புகளைக் கழற்றிய பிறகு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அந்த சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது.

தூக்குக்குண்டு
மணல் மூட்டை பற்றிக் கேட்டிருந்தார், யாரும் தொடவில்லை. சொல்கிறேன்.

மூட்டை தண்ணீரை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். கசிவு எப்போதும் உண்டு. மூட்டையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் மணல். முழுக்க நிரப்பினால் உருண்டை உருண்டையாக நின்று நடுவில் ஓட்டை விழும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் வரிசை போல மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு மூட்டையையும் காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். திறந்த வெளியில் வரப்பு போல அடுக்கினால் அடி அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. அதனால் 1 அடி உயரத்துக்கு ஒரு ரன்னிங் அடிக்கு 6 மூட்டை, 2 அடி உயரத்துக்கு 21 மூட்டை வரும். 20 அடி வாசலுக்கு 2 அடி உயரம் என்றால் 420 மூட்டை. யார் நிரப்புவது, யார் சுமப்பது என்று கணக்குப் போடுங்கள்.

பாலித்தீன் விரிப்பைத் தண்ணீர் வரும் பக்கம் போட்டு, அதன் அடி ஓரத்தை முதல் வரிசை மூட்டைக்கு அடியில் செருகுங்கள். விரிப்பை இழுத்துப் பிடித்துக் கட்டாதீர்கள். தொய்வாகக் கிடந்தால்தான் தண்ணீர் அழுத்தும்போது இடுக்குகளில் போய்ப் படியும். வெள்ளத்தில் நனைந்த மூட்டையின் மணலைப் பிறகு பூச்சுக்கோ குழந்தைகள் விளையாடவோ எடுக்காதீர்கள், அது சாக்கடை குடித்த மணல்.

ரசமட்டம்
தூக்குக்குண்டு சொன்னது சரி. வாசலுக்குப் பலகையே நல்லது. ஆனால் பலகையில் தண்ணீர் கசியும் இடம் பலகை அல்ல, சட்டம் சுவரோடு சேரும் இடம்.

வாசல் ஓரச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் சட்டத்தை அதன் மேலேயே திருகிவிடுவார்கள். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள கோடு சட்டத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் போலப் போகும். ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் அதைத் தொடாமலே பின்னால் வந்துவிடும். சட்டம் உட்காரும் அகலத்துக்கு டைல்ஸை வெட்டியெடுத்து, சிமெண்டு பூசி மட்டமாக்கி, அது காய்ந்த பிறகு பாலியுரேதேன் சீலன்ட் வைத்து, 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒரு ஆங்கர் போல்ட் போடுங்கள். மர நிலையில் திருகாதீர்கள், நிலை ஊறும், வளையும், சட்டமும் கூடவே நகரும். அடிக்கட்டைக் கிரானைட்டுக்கு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள். அடி ரப்பர் உட்காரும் கோடு முழுக்க ரசமட்டத்தில் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். வாசலுக்கு வெளியே களிமண்ணால் அரைவட்ட வரம்பு கட்டி, பலகையைப் போட்டு, ஹோஸால் ஒரு சாண் உயரம் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். மழை வந்த பிறகு குறை கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

சிறிது கசிவு வரத்தான் செய்யும். அதை வெளியே இறைக்க மின்சாரம் இருக்காது. 12 வோல்ட் பம்பும் மேலே வைத்த பேட்டரியும் தயாராக இருக்கட்டும். 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி சார்ஜ் வரை 10 மணி நேரம் ஓடும். பெட்ரோல் பம்பை வீட்டுக்குள், திண்ணையில், கார் நிறுத்தும் இடத்தில் ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

கீழ்வீடு
சம்பைக் காலி செய்து வைத்தால் அழுக்குத் தண்ணீர் கலந்து வீணாகாது என்று நினைத்தேன். சரியா?

ரசமட்டம்
தயவுசெய்து காலி செய்யாதீர்கள். உள் அளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 2.5 மீட்டர், சுவரும் தளமும் மூடியும் 15 செ.மீ. கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். வெளி அளவு 14.8 கன மீட்டர். சுற்றியுள்ள மண் மேல்வரை ஊறி நின்றால் தண்ணீர் அதை 14.8 டன் பலத்தோடு மேலே தள்ளும். கான்கிரீட்டின் எடை 11.5 டன்தான். பிடித்துவைக்க ஓரத்து மண்ணின் பிடிமானம் மட்டுமே மிச்சம். காலிச் சம்ப் படகு போலக் கிளம்பும், இல்லாவிட்டால் அடித்தளம் விரிசல் விடும். செங்கல் சம்ப் என்றால் விரிசல் இன்னும் சீக்கிரம். முதலில் மேல்தொட்டியை நிரப்புங்கள், அது உங்கள் குடிநீர். பிறகு சம்பையும் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். செப்டிக் டேங்க் உள்ளவர்களுக்கும் இதேதான், மண் ஊறிக் கிடக்கும்போது லாரி வைத்து உறிஞ்சினால் பிளாஸ்டிக் டேங்க் மேலே வந்துவிடும்.

மூடி 2 அங்குலத்தில் இருப்பது ஆபத்து. சம்பின் கழுத்தைக் கட்டி உயர்த்தி, மேன்ஹோல் மட்டத்திலிருந்து 24 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். நிரம்பினால் தண்ணீர் வழியும் வழிகுழாயை மறக்காதீர்கள், மூடியை உயர்த்தியவர்கள் பலர் அதைப் பழைய உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

கலந்துவிட்டால் சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி 24 மணி நேரம் விடுங்கள். இது 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. திறந்து கிடந்த பழையது என்றால் 200 கிராம். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, முழுக்க இறைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். சேறு இருக்கும்போது பவுடர் போடுவது வீண், குளோரினைச் சேறே தின்றுவிடும்.

மேல்தளம்
மொட்டை மாடியில் தண்ணீர் நின்று படிக்கட்டு அறை வழியாக இறங்குகிறது. இங்கேயே கேட்கலாமா?

தூக்குக்குண்டு
கேளுங்கள், அதுவும் வெள்ளம்தான். மணிக்கு 50 மி.மீ. மழைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 85 சதுர மீட்டர் தளத்தை வடிக்கும். மழை 100 மி.மீ. என்றால் பாதித் தளத்துக்குத்தான் வரும். எவ்வளவு சிறிய மாடியானாலும் இரண்டு வாய் வேண்டும். தட்டையான ஜாலியை ஒரு பாலித்தீன் பை மூடிவிடும், கூம்பு ஜாலி போடுங்கள். கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து 2 அங்குலம் மேலே, படிக்கட்டு அறை வாசல்படியைவிடத் தாழ்வாக ஒரு வழிதுளை விடுங்கள். குழாய் அடைத்தாலும் தண்ணீர் வெளியே கொட்டும், உள்ளே வராது. 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஓதம்
சுவர் பற்றி நான் சேர்க்கிறேன். வெள்ளம் வடிந்ததும் உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பது மிகப் பரவலான தவறு. சுவருக்குள் ஊறிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். 1 அடியில் இருந்த ஓதம் (சுவர் ஈரம்) 3 அடிக்குப் போகும், உப்பு பூத்துப் பெயிண்ட் தோல் உரியும்.

கறை எவ்வளவு உயரமோ அதற்கு மேல் ஒன்றரை அடிவரை பழைய பூச்சைக் கொத்திவிடுங்கள். செங்கலைத் தேய்த்துக் கழுவி வெறுமனே காயவிடுங்கள். 1 அங்குலம் காய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தால் நாலரை மாதம், ஒரு பக்கம் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதற்கும் மேல். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். பின்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பூசக் கூடாது.

பூசணம் ஒன்றிரண்டு நாளிலேயே பிடிக்கும். நுரை மெத்தை, அட்டைப் பலகை அலமாரி இவற்றைக் காப்பாற்ற முயலாதீர்கள். தரை, டைல்ஸ் போன்ற கெட்டியான பரப்பை முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மி.லி.க்கு மேற்படாமல் வீட்டுப் பிளீச் கலந்து துடையுங்கள். அன்றே டாய்லெட் ஆசிட்டும் ஊற்றாதீர்கள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

மரக்கதவு ஊதுவது எங்கிருந்து தொடங்குகிறது என்று ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் அடியைப் பாருங்கள். முன்னும் பின்னும் பளபளவென்று பெயிண்ட், அடி விளிம்பு மட்டும் வெறும் மரம். மர நரம்பின் வாயெல்லாம் அங்கேதான் திறந்திருக்கிறது, ஸ்ட்ரா போல உறிஞ்சும். கீலைக் கழற்றிக் கதவைப் படுக்கவைத்து, அடி விளிம்புக்கு இரண்டு கை பிரைமரும் இரண்டு கை எனாமலும் கொடுங்கள்.

கீழ்வீடு
வேலையை எந்த வரிசையில் எடுப்பது? மழைக்கு முன் எல்லாம் முடியாது.

குழாய்ப்பணி
இன்றே ட்ராப்புகளை எண்ணி விரியும் பிளக் வாங்கிவிடுங்கள், ஒரு பகல் வேலை. அடுத்து மழைக்குழாயைச் சேம்பரிலிருந்து பிரிப்பது. அதன் பிறகு மாடிக் குழாயைத் தெருப்பக்கம் மாற்றி, கீழ்த்தள லைனில் வால்வு. இந்த வரிசையை மாற்றாதீர்கள், மழைக்குழாய் பிரியும் முன் வால்வு போட்டால் நிலைமை மோசமாகும். வாசல் பலகை அதற்குப் பிறகு.

மின்வழி
இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் அந்த வரிசைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மேலே ஏற்றுங்கள்.

குழாய்ப்பணி
வால்வு போட்டு முடித்ததும் சேம்பரை மூட விடாதீர்கள். வால்வுக்குத் தெருப்பக்கம் உள்ள சேம்பரில் வெளியேறும் வாயைப் பிளக் போட்டு அடைத்து, மாடியில் யாரும் தண்ணீர் திறக்காமல் பார்த்துக்கொண்டு, ஹோஸால் அந்தச் சேம்பரை விளிம்புவரை நிரப்பச் சொல்லுங்கள். வீட்டுப்பக்கச் சேம்பரில் டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். குழாயின் வாயில் ஈரக்கோடு தெரிந்தாலே நாக்கு சரியாகப் படியவில்லை, கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் தெருப்பக்கப் பிளக்கை எடுத்துவிட்டார்களா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மூடியைப் போடுங்கள்.